கைக்குட்டை செய்த கையுறை

வகுப்பில் அவளுக்குப் பெயர் கைக்குட்டை. எழுதும்போதும் ஓடும்போதும், ஏன், வகுப்புப் புகைப்படம் எடுக்கும்போதுகூட அவள் கையில் ஒரு கைக்குட்டை இருக்கும். "பெரிய மகாராணின்னு நெனப்பு!" என்று சிலர் கேலி செய்வார்கள். அவள் சிரித்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவாள். உண்மையைச் சொல்வதைவிட மகாராணியாக இருந்துவிட்டுப் போகலாம்.

உண்மை இதுதான். அவளுக்கு உள்ளங்கை வியர்க்கும். கொஞ்சநஞ்சம் அல்ல, தேர்வு எழுதினால் தாள் நைந்துபோகிற அளவுக்கு. கைகோத்து ஆடும் விளையாட்டு என்றால் போதும், அவளுக்கு உடனே வயிற்றுவலி வந்துவிடும்.

இந்த லட்சணத்தில் அறிவியல் டீச்சர் ஒரு நாள் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'கை உறையாமல் காக்கும் கையுறை.'

"பனிமலை ஏறுறவங்களுக்கு விரல் சீக்கிரமா மரத்துப்போயிடும். விரல் மரத்துப்போனா கயித்துல முடிச்சுப் போட முடியாது. முடிச்சு சரியா இல்லேன்னா உயிருக்கே ஆபத்து. ரெண்டு ரெண்டு பேரா சேர்ந்து ஒரு கையுறை செய்யுங்க."

"டீச்சர், கை உறையக் கூடாதுன்னா அதுக்கு ஏன் கையுறைன்னு பேர் வச்சாங்க?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. பஞ்சுதான். தலைமுடி பஞ்சுப் பொதி மாதிரி இருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டுச் சோதனையை விளக்கினார். கையுறைக்குள் ஒரு வெப்பமானியைச் செருகி, ஐஸ் பெட்டிக்குள் ஐந்து நிமிடம் கையை வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் கையுறையைக் கழற்றாமல் கயிற்றில் முடிச்சுப் போட வேண்டும். ஜெயிக்கும் கையுறை, செய்தவர்கள் பெயரோடு ஆய்வுக்கூடத்துக் கண்ணாடி அலமாரியில் இருக்கும்.

"ரெண்டு பேர்ல யார் கையை வைக்கணும்னு சீட்டுக் குலுக்கிப் பார்ப்பேன்" என்றும் சொன்னார்.

கைக்குட்டைக்கு அப்போதே உள்ளங்கையில் வியர்த்தது.

அவளுக்கு ஜோடியாக வந்தவள் அளவுகோல். பென்சில் சீவினால்கூட மிச்சம் எவ்வளவு என்று அளந்து பார்க்கிறவள். தையலும் அவளுக்கு நன்றாக வரும். உள்ளே பருத்தித் துணி, நடுவில் பழைய கம்பளித் தொப்பி, வெளியே கிழிந்த மழைச்சட்டை என்று மூன்று அடுக்காக இரண்டே நாளில் தைத்து முடித்துவிட்டாள்.

"தொப்பி நூலுக்கு நடுவுல காத்து மாட்டிக்கும். காத்து சூட்டைச் சுலபமா கடத்தாது. அதனால கை சூடாவே இருக்கும்" என்றாள்.

அளவுகோல் வீட்டு வாளியில் ஐஸைக் கொட்டிச் சோதித்தார்கள். முதலில் அளவுகோல் கை. வெப்பமானி முப்பத்து மூன்று டிகிரியிலிருந்து முப்பத்தொன்றுக்குத்தான் இறங்கியது. அடுத்து கைக்குட்டை கை. ஐந்து நிமிடத்தில் இருபத்து நான்குக்கு வந்துவிட்டது.

அளவுகோல் கையுறையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். சொதசொதவென்று இருந்தது.

"ஐயோ, ஒழுகியிருக்கு! என் தையல்தான் சரியில்ல" என்று கத்தரிக்கோலை எடுத்தாள். இரண்டு நாள் தையலையும் பிரிக்கப் போகிறாள். அவள் முகம் அழுகிற மாதிரி ஆகிவிட்டது.

கைக்குட்டை ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். ரகசியம் ரகசியமாகவே இருந்திருக்கும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"பிரிக்காத. தையல் ஒழுகல" என்றாள். "என் கைதான் ஒழுகுது."

கைக்குட்டையை மடியில் வைத்துவிட்டு உள்ளங்கையைக் காட்டினாள். அளவுகோல் குனிந்து பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

"ஒரு மணி நேரத்துக்கு எத்தனை சொட்டு வரும்?" என்றுதான் கேட்டாள்.

கைக்குட்டைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய பாரம் ஒன்றை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

இரண்டு பேரும் அறிவியல் புத்தகத்தைப் புரட்டினார்கள். காற்றைவிடத் தண்ணீர் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும் என்று அதில் இருந்தது. அப்படியென்றால் வில்லன் ஐஸ் மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் ஈரமும்தான். பருத்தியோ வியர்வையைக் குடித்துவிட்டுத் தோலோடு ஒட்டிக்கொள்கிறது.

"வியர்வை தோல்ல தங்காம அடுத்த அடுக்குக்குப் போயிடணும். அப்படி ஒரு துணி வேணுமே" என்றாள் அளவுகோல்.

அப்படி ஒரு துணி இருப்பது கைக்குட்டைக்குத் தெரியும். தினமும் கைக்குட்டை துவைத்துக் காயப்போடுகிறவள் அல்லவா? அவளுடைய பருத்திக் கைக்குட்டை காய மாலை ஆகிவிடும். அதே கொடியில் தொங்கும் அண்ணனின் கால்பந்துச் சட்டை, திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்துவிடும்.

அண்ணனிடம் கேட்டதும் அவன் சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"இந்தச் சட்டையிலதான் நான் கோல் போட்டேன்!"

"ஒரே ஒரு கோல்தானே அண்ணா?"

"அதனாலதான் தர மாட்டேங்கிறேன்!"

கடைசியில், ஒரு வாரம் அவன் காலுறைகளைத் துவைத்துத் தருவதாகச் சொன்ன பிறகு, சட்டையின் இடது கை மட்டும் கிடைத்தது. அந்தக் காலுறைகளின் வாசனையைப் பற்றி இங்கே சொல்லாமல் விடுவதுதான் நல்லது.

அந்தச் சட்டைத் துணியைப் பருத்திக்குப் பதிலாக உள்ளே வைத்து அளவுகோல் தைத்து முடிக்க, சோதனை நாள் வந்தது. டீச்சர் சீட்டுக் குலுக்கினார். அவர்கள் ஜோடியில் வந்த பெயர் அளவுகோல். கைக்குட்டை தப்பித்தாள். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பஞ்சு கொண்டுவந்த கையுறை தலையணை அளவுக்கு இருந்தது. உள்ளே அரை மெத்தைப் பஞ்சு. "இதை எந்தப் பனியாலயும் அசைக்க முடியாது" என்று எல்லோருக்கும் காட்டினான்.

கைக்குட்டை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ந்த கையோடு ஐஸில் வைத்தால் வெப்பமானியில் பஞ்சுதான் ஜெயிப்பான். ஆனால் நிஜமான மலையில்? கையுறைக்குள் இருக்கும் பஞ்சு நனைந்தால் என்ன ஆகும்? வாயை மூடிக்கொள் என்று மனது சொன்னது. அதற்குள் அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"டீச்சர், மலை ஏறுறவங்க பெஞ்சுல உக்காந்திருந்துட்டு நேரா பனியில கையை வைப்பாங்களா? ஏறும்போது வியர்க்கும்ல? நாமளும் கையுறையைப் போட்டுட்டு மாடிப்படி ஏறி இறங்கினப்புறம்தானே வைக்கணும்?"

"அட, எனக்கே தோணலையே!" என்றார் டீச்சர். "உனக்கு எப்படித் தோணுச்சு?"

வகுப்பு முழுவதும் அவளைப் பார்த்தது. கைக்குட்டை கையை விரித்துக் காட்டினாள்.

"எனக்கு எப்பவுமே கை வியர்க்கும் டீச்சர். அதுக்குத்தான் இந்தக் கைக்குட்டை."



"அப்ப நீ மகாராணி இல்லையா?" என்றான் பஞ்சு.

"இல்ல. வத்தாத ஊத்து."

அவளே சொல்லிவிட்ட பிறகு கேலி செய்ய என்ன இருக்கிறது? எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

டீச்சர் எல்லோரையும் மூன்று முறை மாடிப்படி ஏறி இறங்க வைத்தார். பிறகு ஐஸ் பெட்டி. பஞ்சின் தலையணை ஈரமாகி இருபத்தாறுக்கு இறங்கியது. முடிச்சுப் போடப் போனால் கயிறு கையில் இருக்கிறதா என்றே அவனுக்குத் தெரியவில்லை. அளவுகோல் கையில் முப்பது. முடிச்சும் போட்டு, கயிற்றின் நுனி இரண்டும் சமமாக இருக்கிறதா என்று அளந்தும் பார்த்தாள்.

"உன் கையிலயும் பார்த்துடலாமா?" என்று டீச்சர் கேட்டார். கைக்குட்டை கையை வைத்தாள். இருபத்தொன்பது.

அந்தக் கையுறைதான் கண்ணாடி அலமாரிக்குப் போனது. செய்தவர்கள் பெயருக்குக் கீழே, 'ஒரு கோல் போட்ட சட்டை: அண்ணன்' என்றும் எழுதியிருந்தது. அண்ணன் பள்ளிக்கூடத்துக்கே வந்து பார்த்துவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் இடைவேளையில் பஞ்சு புதிதாகத் தைத்த ஒரு மெல்லிய கையுறையோடு வந்து நின்றான்.

"உன் கையைக் கொஞ்சம் கடன் குடேன்."

"எதுக்கு?"

"உன் கையில தாங்கிடுச்சுன்னா எந்த மலையிலயும் தாங்கும்."

அவனுக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் ஆளுக்கொரு கையுறையோடு வரிசையில் நின்றார்கள். பழக்கதோஷத்தில் கைக்குட்டை கைக்குட்டையை எடுத்தாள். பிறகு அதைப் பைக்குள் திணித்துவிட்டு, கையைத் துடைக்காமலேயே நீட்டினாள்.