கொல்லை மரத்து எண்ணெய்

வீடு மாறி வந்த அன்றைக்கு அவள் முதலில் பார்த்தது கொல்லையைத்தான். வெட்டிக் குவித்த பைன் கிளைகள், ஊசி இலையெல்லாம் இன்னும் பச்சையாக. பக்கத்தில் அடிமரம் பிசின் கசிய நின்றது. வாசனை எண்ணெய் கலந்து விற்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்? லாரியிலிருந்து பீரோ இறங்குவதற்குள் ஒரு கிளையை ஒடித்து முகர்ந்துவிட்டாள். வீட்டில் அவளுக்குப் பேரே மூக்கம்மா.

"அதையெல்லாம் எரிச்சிடுங்கம்மா," என்றார் சாவி கொடுக்க வந்த வீட்டுக்காரர். "ஆள் கிடைக்காம கிடக்கு. வீட்டுக்குள்ள மட்டும் கொண்டு போகாதீங்க."

"நல்ல மரத்தை ஏன் சார் வெட்டினீங்க?"

"முன்னாடி குடியிருந்தவங்க பொண்ணு எப்பப் பார்த்தாலும் அதுல ஏறி உட்கார்ந்திருக்கும். ஒருநாள் விழுந்து, போய்ச் சேர்ந்துடுச்சு."

சாவியை அவள் கையில் வைத்துவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

ஐயோ பாவமே என்று இருந்தது அவளுக்கு. ஆனால் அவள் பாடு அவளுக்கு. மகள் சிட்டுக்கு ஐந்து வயது. ஒழுங்காகத் தூங்கி மாசக்கணக்காகிறது. கண்ணசந்தால் போதும், தூக்கிவாரிப் போட்டு எழுந்து அலறும். சாப்பாடு இறங்குவதில்லை, பிள்ளை நாளுக்கு நாள் துரும்பாக இளைத்துக்கொண்டிருந்தது. டாக்டர்கள் ஒன்றுமில்லை என்று கையை விரித்தார்கள். லாவெண்டரும் ஆரஞ்சுத் தோல் எண்ணெயும் கலந்து, அறையில் வாசம் பரப்பும் டிஃப்யூசரில் விட்டுப் பார்த்தாயிற்று, பலிக்கவில்லை. புதிதாக வடித்த பைன் எண்ணெய் ஒன்றைத்தான் அவள் இன்னும் பார்க்கவில்லை. அதற்காவது கேட்காதா என்று ஒரு நப்பாசை.

மறுநாளே செம்புப் பானையை அடுப்பிலேற்றி, கிளைகளை நறுக்கிப் போட்டு ஆவியில் வடித்தாள். கிடைத்தது ஒரு சின்னக் குப்பி. அம்மாடி, என்ன வாசம்! அன்று மதியமே கலவையில் அதைச் சேர்த்து சிட்டுவின் அறையில் வைத்தாள். பிள்ளை அடித்துப்போட்ட மாதிரி தூங்கியது. கதவோரம் நின்று அவள் அழுதேவிட்டாள்.

இந்தத் தொழிலில் ஒரு தொல்லை உண்டு. ஒரே வாசத்தில் கிடந்தால் மூக்கு மரத்துப்போகும், அறை முழுக்க இருந்தாலும் ஒன்றும் தெரியாது. கலக்குகிறவர்கள் அடிக்கடி முழங்கையின் உட்பக்கத்தை முகர்ந்துகொள்வார்கள். சொந்த உடம்பு வாசத்தில் மூக்கு தெளியும். மகள் தூங்குகிற சந்தோஷத்தில் மூக்கம்மாவுக்கு அது மறந்தே போயிற்று. வாசம் போதவில்லை, போதவில்லை என்று தினமும் சொட்டுகளைக் கூட்டிக்கொண்டே போனாள்.

சிட்டு தூங்கியது. தூக்கத்தில் பேசவும் ஆரம்பித்தது.

"தள்ளிப் படு... இது என் இடம்."

கனவுதானே, பேசிவிட்டுப் போகட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

ஊருக்குப் போயிருந்த புருஷன் ஒரு சாயங்காலம் திரும்பி வந்தவன், வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டான். "என்ன மூக்கம்மா, வீடா இது மரக்கடையா? பிள்ளைக்கு மூச்சு முட்டிடப் போகுது!"

 அவள் ஓடிப்போய் டிஃப்யூசரை அணைத்தாள். ஜன்னல்களைத் திறந்தாள். குப்பியைக் கொல்லை மண்ணில் கவிழ்த்துவிட்டு, முழங்கையில் முகத்தைப் புதைத்து மூக்கு தெளிகிறவரை அங்கேயே நின்றாள்.

சிட்டுவின் ஜன்னலிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது.

கூடவே இன்னொரு சிரிப்பு.

அவள் உள்ளே ஓடினாள். அறையில் வேறு யாருமில்லை. பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தது. வாரியெடுத்து, பிடரியில் முகத்தை வைத்தாள். பாலும் வியர்வையும் வெயிலும் கலந்த சிட்டு வாசம். கண்ணைக் கட்டிவிட்டாலும் அவளுக்கு அது தெரியும்.

அந்த வாசம் இல்லை.

பச்சைப் பைன்.

எண்ணெய் ஒட்டியிருக்கும், வேறென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஈரத்துணியால் பிடரியை அழுத்தித் துடைத்தாள். முழங்கையை முகர்ந்தாள். மறுபடி பிள்ளையை முகர்ந்தாள்.

இன்னும் காரமாக, உள்ளேயிருந்து வந்தது.

பிள்ளை கண்ணைத் திறந்து அவள் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டது. "என்னைக் கீழ விட்டுடாத," என்று கிசுகிசுத்தது. "விழுந்துடுவேன்."

 அவளுக்குப் பிடியை விடவும் முடியவில்லை, இறுக்கவும் மனசு வரவில்லை. அப்போதுதான் கட்டிலைப் பார்த்தாள். பக்கத்துத் தலையணையில் ஒரு குழி. சின்னத் தலை அளவுக்கு.

தோளில் பிள்ளையோடு மெல்லக் குனிந்து முகர்ந்தாள்.

பால். வியர்வை. வெயில்.

"சிட்டு?" என்றாள், தலையணைக் குழியைப் பார்த்து.

சிட்டு அலறி எழுகிற மாதிரியே தலையணை தூக்கிவாரிப் போட்டது. அலறல் மட்டும் கேட்கவில்லை.