நாற்பத்தொன்றாம் நடை

சேந்தன் ஐந்து மணிக்கு எழுந்தான். பால் காய்ச்சினான். ஒரு தம்ளர் காப்பி குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். மலைக்காலணியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான். மூன்று வருடமாக அது மலைப்பாதையில் பட்டதில்லை. வாசலில் மழைப்பலகை ‘கணிக்க இயலாது’ என்று காட்டியது. எல்லா நாளும் அதைத்தான் காட்டுகிறது. வீட்டைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கு நடந்தான்.

மழைக்காலம் என்று ஒன்று இல்லாமல் போய் இருபது வருடம் ஆகிறது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே உச்சியில் முகில் வெடிக்கும். கணுக்கால் அளவு ஓடை பத்து நிமிடத்தில் ஆளை விழுங்கும். அதனால் உரிமம் பெற்ற இருவர் இல்லாமல் எந்தக் குழுவும் மலை ஏற முடியாது. முன்னால் நடப்பவர் வழித்தலைவர். கடைசியில் நடப்பவர் வால்காவல். இருவர் நெஞ்சிலும் நடைப்பதிவி இருக்கும். மலையில் யாராவது இறந்துபோனால் அந்தப் பதிவு பள்ளிக்குச் சேரும். பள்ளி அதை ஒரு தேர்வாக மாற்றும். செத்தவரைச் சாகாமல் திருப்பிக் கூட்டிவருபவருக்கே உரிமம்.

இன்றைய தேர்வு நாற்பத்தொன்றாம் நடை. அதில் இறந்தவள் மாதங்கி, சேந்தனின் மனைவி. இறந்தவரின் உறவினர் மதிப்பெண் போடக் கூடாது என்று சட்டத்தில் இல்லை. சட்டம் எழுதியவர்களுக்கு அப்படி ஒருவன் இருப்பான் என்று தோன்றவில்லை.

தேர்வு எழுத வந்தவள் கம்பத்துப் பெண், பெயர் பெனாசிர். நடைக்கூடத்தின் உருள்தளத்தில் ஏறிக் காட்சிக்கண்ணாடியை மாட்டினாள். “நான் என்னவா நடக்கணும் சார்?”

“வால்காவல்.”

“அய்யய்யோ, தலைவரு இல்லயா? ஊரெல்லாம் தலைவரு பரீட்சைன்னு சொல்லிட்டு வந்துட்டேனே.”

“தலைவரு தப்புப் பண்ணும்போது தடுக்குறதும் அந்தப் பரீட்சைதான்மா. ஆரம்பிக்கலாம்.”

அவன் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து காதொலிப்பானைச் செருகினான். காட்சிக்கண்ணாடியை அவன் ஒருநாளும் போட்டதில்லை. குரல் போதும்.

ஓடைச் சத்தம். மாதங்கி ஆட்களை எண்ணினாள். பன்னிரண்டு பேர் இருக்க வேண்டும். பதினொன்றுதான் வந்தது.

“பெனாசிர், ஒரு ஆளு குறையுது. குருநாதன் சாரைக் காணோம். அந்தக் கரையிலயே நின்னுட்டாரு போல. நான் போய்க் கூட்டிட்டு வரேன்.”

அன்று அவள் கூப்பிட்டது ‘சேந்தா’ என்று. நிரப்பி என்ற மென்பொருள் அதை எடுத்துவிட்டுத் தேர்வரின் பெயரை வைக்கும். தேர்வர் எதிர்த்துப் பேசினால், இறந்தவர் என்ன சொல்லியிருப்பார் என்று கணித்து அவர் குரலிலேயே பதிலும் சொல்லும்.

“அக்கா, நில்லுங்க,” என்றாள் பெனாசிர். “எனக்குப் பின்னாடி யாருமில்ல.”

“நல்லாப் பாத்தியா?”

“அதுக்குத்தானக்கா என்னய வாலுல விட்டிருக்கீங்க? ஆளு முன்னாடிதான் போயிருக்காரு. தேடச் சொல்லுங்க.”

“தலைவரு நானா நீயாடி?”

“நீங்கதான். தண்ணில இறங்குனா ஒங்க பைவாரப் புடிச்சுக்கிட்டு நானும் வருவேன். இழுத்துக்கிட்டே போங்க.”

மாதங்கி சிரித்தாள். பிறகு சொன்னாள்: “நீ பின்னாடி இருக்கங்கிற தைரியத்துலதான் நான் முன்னாடி நடக்குறேன்.”

சேந்தனின் பேனா நின்றது. இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவன் இந்த வேலையில் இருந்தான். அன்று தண்ணீரில் கால் வைப்பதற்கு முன் அவள் திரும்பிப் பார்த்து அவனிடம் சொன்னது. அவளிடமிருந்து அவனுக்கு மிஞ்சியது அதுதான்.

இரண்டு நிமிடத்தில் குருநாதன் வளைவுக்கு அப்பாலிருந்து வந்தார். போனுக்கு சிக்னல் தேடி முன்னால் போயிருந்தார். அடுத்த நிமிடம் ஓடை செம்மண் நிறத்தில் பொங்கி வந்தது. பன்னிரண்டு பேரும் கரையில் நின்று பார்த்தார்கள். மாதங்கியும் நின்றாள்.

பெனாசிர் கண்ணாடியைக் கழற்றினாள். வியர்த்திருந்தது. “சார், நெசத்துல வாலுல நின்ன ஆளு என்ன பண்ணுனாரு?”

“காலணிக் கயிறு அவுந்திருச்சு. ஓடையத் தாண்டுறதுக்கு முன்னாடி குனிஞ்சு கட்டிட்டு இருந்தான். அதுல யாராவது பின்தங்கிட்டாங்களோன்னு அவனுக்கே சந்தேகம். அவங்க கேட்டப்ப, சரி, பாத்துட்டு வான்னுட்டான்.”

“லூசுப் பய.”

“ஆமா,” என்றான் சேந்தன். மதிப்பெண் தாளில் ‘தேர்ச்சி’ என்று எழுதினான்.

“ஆனா அந்தக்கா பாவம் சார். நீ பின்னாடி இருக்கங்கிற தைரியம்னு சொன்னப்ப எனக்கே சொன்ன மாதிரி இருந்துச்சு. அப்புறம் பாத்தா ஓரத்துல மஞ்சப் புள்ளி எரியுது.”

“என்ன புள்ளி?”

“நிரப்பி பேசுனா எரியும்ல சார், கண்ணாடில. அது அவங்க சொன்னதில்ல. மிஷினு சொன்னது.”

சேந்தன் தாளை அவளிடம் கொடுத்தான். முப்பத்தாறு தேர்வர்கள் அவளைத் தடுத்திருக்கிறார்கள். முப்பத்தாறு முறை அந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறான். எந்த முறையில் அது அவனுடைய நினைவாக மாறியது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மூலப்பதிவை நெருங்கிய உறவினர் ஒரே ஒரு முறை கேட்கலாம். பிறகு முத்திரை வைத்துவிடுவார்கள். அந்த ஒரு முறையை அவன் மூன்று வருடமாகச் செலவழிக்காமல் வைத்திருந்தான். மதியம் பதிவறைக்குப் போனான்.

“இன்னைக்கேவா?” என்றார் பதிவறைக்காரர் லூர்துராஜ். “யோசிச்சுக்க தம்பி. திரும்பக் கேட்டா என்னால குடுக்க முடியாது.”

“போடுங்கண்ணே.”

ஓடைச் சத்தம். அவள் எண்ணுகிறாள். “சேந்தா, ஒரு ஆளு குறையுது. குருநாதன் சாரைக் காணோம். அந்தக் கரையிலயே நின்னுட்டாரு போல.”

“தெரியல.” அவனுடைய குரல்தான். “இருந்தாலும் இருப்பாரு.”

“நான் போய்க் கூட்டிட்டு வரேன்.”

“சரி, பாத்துட்டு வா.”

அவ்வளவுதான். அவள் வேறு எதுவும் சொல்லவில்லை, சிரிக்கவில்லை. உடனே தண்ணீரைக் கலக்கும் கால்களின் சத்தம். மூச்சு. மேலே எங்கோ கல் உருளும் ஓசை. அவள் நடை வேகமாகிறது. ஒரு முறை வழுக்கி எழுகிறாள். அந்தக் கரையில் யாருமே இல்லை. அவளுக்கு அது தெரியாது. மரத்தையோ பாறையையோ ஆளென்று நினைத்திருக்க வேண்டும். இரைச்சலை மீறிக் குரலை உயர்த்துகிறாள்.

“குருநாதன் சார், பயப்படாதீங்க. அங்கனயே நில்லுங்க, நான் வந்துட்டேன்.”