கண் எழுதாத படம்

"என்னையும் வரைங்க."

இதைக் கேட்கவே கூடாதென்று மாமியார் ராஜாமணி கல்யாணத்தன்றே காதோரம் சொல்லியிருந்தாள். "பொடவ கேளு, கம்மல் கேளு. படம் மட்டும் போடச் சொல்லாதம்மா."

அம்சவல்லி கேட்டேவிட்டாள். பொறாமைதான், வேறென்ன? திண்டிவனத்து வீட்டுக் கூடத்தில், செத்துப்போன மூத்த தாரம் கிருஷ்ணவேணி ஆளுயரப் படமாக நின்றாள். வாயிருக்க வேண்டிய இடத்தில் பூட்டு. முழங்காலுக்குக் கீழே மரவேர். மெட்ராஸில் பரிசு வாங்கிய படம். வருகிறவர்கள் அவளையே பார்த்தார்கள். காபி கொண்டுவந்தவளை எவரும் பார்க்கவில்லை. பி.ஏ. முடித்து விழுப்புரத்தில் வேலைக்குப் போகிறவள், செத்தவளோடு போட்டி போட்டாள்.

டிராயிங் மாஸ்டரான கணவன் சீனுவாசன் சிரித்தான். "நீதான் தெனம் ரயில்ல போய்க்கினு வந்துக்கினு இருக்கியே. ஒக்கார நேரம் ஏது?"

ஆனாலும் வரைய ஆரம்பித்தான். முடியும்வரை துணி போட்டு மூடிவைத்தான். கோயில் மண்குதிரைக்குக் கடைசியில் கண் திறப்பது போல, கண்ணைக் கடைசியில்தான் எழுதுவான்.

படம் வளர வளர அம்சவல்லியின் பாதம் மரத்துப்போனது. ஸ்டேஷன் படியில் காலைக் கையால் தூக்கிவைக்க வேண்டியிருந்தது.

"அத்தை, அக்காவுக்கு இன்னா சீக்கு?"

மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த ராஜாமணி குரலைத் தாழ்த்தினாள். "மொதல்ல பேச்சு நின்னுச்சு. அப்பறம் காலு. கண்ணு எழுதின அன்னிக்கே போயிட்டா."

பூட்டு என்றால் பெண்ணின் மௌனம், வேர் என்றால் மண்ணின் மேல் பற்று என்று படித்தவர்கள் கூடத்தில் நின்று விளக்கம் சொன்னார்கள். விளக்கமாவது மண்ணாவது. அந்தப் பெண்ணுக்கு நடந்ததுதான் சுவரில் தொங்கியது.

அம்சவல்லி நேராகப் போய்த் துணியை இழுத்தாள்.

ரயில் இருக்கையில் அவளே உட்கார்ந்திருந்தாள். கண்ணிருக்கும் இடம் வெறும் வெள்ளை. கால்கள் வேராகிப் பெட்டியின் தரையைத் துளைத்து இறங்கியிருந்தன.

வேரைப் பற்றியபடி ஒரு கை.

"இது யாரு கை?"

சீனுவாசன் எட்டிப் பார்த்தான். முகம் வெளுத்தது. "நான் போடல."

ஈரமண் வாசனை.

அந்தக் கை, நகத்தால் வேரைச் சுரண்டியது. உரிந்த இடத்தில் ஒரு கால்விரல் தெரிந்தது.

அம்சவல்லியின் மரத்த கால்விரல் சுரீரென்றது. உயிர் வந்தது.

"அங்க எவன்கூடயோ சிரிச்சிப் பேசிக்கினு இருப்ப," சீனுவாசன் முணுமுணுத்தான். "வீட்டோட கெடந்தா போதும்னுதான்... அதான் கால் ரெண்ட மட்டும் வேராப் போட்டேன். கண்ணுதான் பாக்கி. கொஞ்சம் ஒக்காரு அம்சா."

தூரிகையை எடுத்தான்.

இவனிடம் பேசித் தீர்க்க ஒன்றுமில்லை. அம்சவல்லி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, உயிர் வந்த காலை ஊன்றி வாசல் தாண்டினாள்.

பின்னால், கூடத்துப் படத்திலிருந்து, பல நாள் நடக்காத கால்கள் தரையில் தேய்ந்து தேய்ந்து படியிறங்கின.

அவள் திரும்பவில்லை. பின்னால் வருகிறவள் வந்து சேரட்டும் என்று, கொஞ்சம் மெதுவாக நடந்தாள்.