உள்ளே என்று பதிந்த அட்டை

1931 மார்ச் 14, சனிக்கிழமை. நேற்று ஒரு சிறு தவறு செய்தேன். காசிநாதனின் அட்டையை நான் குத்தினேன்.

வரிசையாக எழுதிவிடுகிறேன். எங்கள் தோல் பதனிடும் ஷாப்பு வாசலில் போன மாதம் ஒரு கடிகாரப் பெட்டியை மாட்டினார்கள். அட்டையைச் செருகிக் கைப்பிடியை அழுத்தினால் மணி ஒலித்து, உள்ளே வந்த நேரமோ வெளியே போன நேரமோ பதியும். முன்பு நான்தான் முகம் பார்த்து ஆஜர் நோட்டில் பெயர் எழுதினேன். இப்போது அட்டையைப் பார்த்து எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு எல்லாரையும் இரண்டு மணி நேரம் விடுவார்கள். யாராவது பிந்தி வந்தால் நான் கண்டுகொள்வதில்லை. பெட்டிக்கு அந்த வழக்கம் தெரியாது.

தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்யும் காசிநாதன் நேற்று ஜும்மா நேரத்தில் என்னிடம் வந்தான்.

"ரைட்டரே, நான் திரும்பி வரமாட்டேன். ஏலகிரில மச்சான் நிலம் இருக்குது. ஞாயித்துக்கிழமை பொஞ்சாதி செண்பகத்தை இட்டுக்கினு போயிடறேன். அதுக்குள்ள தெரிஞ்சா, வாங்கின முன்பணத்துக்காக மேஸ்திரி ஆள் விட்டுத் தேடுவாரு. உள்ள இருக்கறாப்ல குத்திடு."

"பெட்டி பாத்துக்கினு இருக்குதே."

"அதுக்கு இன்னா, கண்ணா இருக்குது?" என்று சிரித்துக்கொண்டே போனான்.

இரண்டு மணிக்குக் குத்தினேன். சாயங்காலம் நான் படிக்கும் வகுப்புக்கு ஓடிய அவசரத்தில், அவனுக்கு 'வெளியே' குத்த மறந்துவிட்டேன்.

இன்று காலை அவன் அட்டையை எடுத்தேன். நேற்று இரவு ஏழு, எட்டு, ஒன்பது என்று விடியும்வரை மணிக்கு ஒரு பதிவு இருந்தது. எல்லாம் 'உள்ளே'. 'வெளியே' பக்கம் செருகி அழுத்தினேன். மணி ஒலித்தது. மை படவில்லை. ஏழு முறை அழுத்திப் பார்த்தேன்.

மேஸ்திரி அதாவுல்லா சாயபு எட்டிப் பார்த்தார். "உள்ளதான இருக்கான்? இன்னா பேஜார் உனக்கு, தானியேலு?"

"ஆளைக் காணோமே, சாயபு."

"பெட்டி சொல்லுதே."

சாயங்காலம் வகுப்புக்குப் போகாமல் அவன் வீட்டுக்கு ஓடினேன். தெருமுனையிலேயே சுண்ணாம்பும் ஊறிய தோலும் கலந்த வாடை அடித்தது. செண்பகம் மூட்டைகளுக்கு நடுவே நின்றாள். வீட்டுத் தரை காய்ந்திருக்க, காசிநாதன் நின்ற இடம் மட்டும் நனைந்திருந்தது. முழங்கை வரை வெள்ளை. விரல் நுனிகளிலிருந்து சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டியது. அங்கே இல்லாத ஒரு தோலை அவன் கைகள் தூக்கின. புரட்டின. அமிழ்த்தின.

"நேத்து ரெண்டு மணிலேந்து இப்டித்தான்," என்றாள் செண்பகம். "தொடைக்கத் தொடைக்க ஊறுது. படி தாண்ட மாட்டேங்கறாரு."

"தாண்டறேன் ரைட்டரே," என்றான், கைகளை நிறுத்தாமல். "எங்க கால் வெச்சாலும் குழிதான் வருது. வெளியன்றது எந்தப் பக்கம்?"

மணி ஒலித்தது. ஷாப்பிலிருந்து அல்ல. அவன் நெஞ்சுக்குள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். கையைக் கழுவினேன். ஒன்று மட்டும் நினைவுக்கு வரவில்லை. இன்று கிளம்பிய அவசரத்தில் என் அட்டையில் 'வெளியே' குத்தினேனா?

குத்தியிருப்பேன்.

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். பக்கத்தின் ஓரத்தில், என் கையெழுத்தில், நான் எழுதாத பெயர்கள், எல்லாம் ஷாப்பு ஆட்கள். காசிநாதன், உள்ளே. நிசார் அஹமது, உள்ளே. கோதண்டராமன், உள்ளே. மேலிருந்து கீழ்வரை. கடைசிப் பெயர் தானியேல். அதன் மை காயவில்லை. பேனாவைக் கீழே வைக்கப் பார்க்கிறேன். கை விடவில்லை.

நாளை காலை ஆறு மணிக்கு ஷாப்பு வாசலுக்குப் போய், இரண்டு அட்டைகளிலும் 'வெளியே' குத்த வேண்டும்.