நூற்றிருபது தப்படியில் ஒரு கடமான்

எட்டே நாள்தான் இருந்தது. எட்டாம் நாள் பொழுது சாய்வதற்குள் வாய்க்கால் உரிமை எழுதிய செப்பேட்டைக் கொண்டுபோய் அரண்மனைச் சபையில் வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஏழு ஊர் வயல்களுக்குப் பாயும் வாய்க்கால் மேற்கத்திப் பாளையக்காரருக்குப் போய்விடும்!

அந்தச் செப்பேடோ கருங்கொடி மலைக்கு அந்தப் பக்கம், செங்குத்துப் பாறையின் நடுவயிற்றில் இருந்த ஒரு குகையில் கிடந்தது. எழுபது வருடங்களுக்கு முன்னால் ஒரு படையெடுப்பின்போது கோயில் பூசாரி அங்கே ஒளித்து வைத்தது. அன்று அவர் ஏறிய கொடி ஏணி உளுத்து உதிர்ந்து எத்தனையோ காலமாயிற்று. குகை வாய்க்கு மேலே ஒரு இச்சி மரம் பாறையைப் பிளந்துகொண்டு நின்றது. அதன் கிளைக்கு மேலாக நூல் கட்டிய அம்பை எய்து, நூலோடு கயிற்றை இழுத்து ஏற வேண்டும். வேறு வழி இல்லை.

அதனால் மூன்று பேர் கிளம்பினார்கள். முதலாவது, வாய்க்கால் காவல் பார்க்கும் தீத்தப்பன். பொறுப்பான ஆள்; பொறுமைதான் கிடையாது. இரண்டாவது, பனையேறி வெள்ளியங்கிரி. மூன்றாவது, அடிவாரத்து வேட்டைக்காரி செம்பாயி. இருபது வயது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவளைவிடத் தூரமாக அம்பு விட யாரும் இல்லை. அது அவளுக்கும் நன்றாகத் தெரியும்.

இரண்டாம் நாள் காட்டாற்றைக் கடக்கும்போது அரிசி மூட்டை போயிற்று. வெள்ளியங்கிரி பாய்ந்து பிடிப்பதற்குள் தண்ணீர் அதை உருட்டிக்கொண்டு போய்விட்டது. மூன்றாம் நாள் உச்சிவேளையில், வெறும் வயிற்றோடு ஒரு புல்வெளி விளிம்பில் ஏறி நின்றபோதுதான் அந்தக் கடமான் தெரிந்தது. பெரிய கொம்பன்! பக்கவாட்டில் நின்று மேய்ந்துகொண்டிருந்தது.

"அடி, அம்மிணி!" என்று தீத்தப்பன் கிசுகிசுத்தான்.

செம்பாயி கண்ணாலேயே அளந்தாள். நூற்றிருபது தப்படி. அவளுடைய வேட்டைக் குடியில் முப்பது தப்படியைத் தாண்டி எந்த உயிர்மேலும் அம்பு விடமாட்டார்கள்.

"ரொம்பத் தூரமுங்ணா. ஓடையச் சுத்திக் கிட்டப் போயிரலாம். ஒரு நாழிகை ஆகும்."

"ஒரு நாழிகையா! அதுக்குள்ள அது போயிருச்சுன்னா? உன்னைக் கூட்டியாந்ததே தூரமா எய்யறதுக்குத்தான?"

அந்தப் பேச்சு அவளைச் சரியான இடத்தில் தொட்டது. பசி பாதி, பெருமை பாதி. காற்றும் இல்லை. வில்லைக் காதுவரை இழுத்தாள்; விட்டாள்.

குறி தப்பவில்லை. அம்பு எங்கே போக வேண்டுமோ அங்கேதான் போனது. ஆனால் போய்ச் சேர்வதற்குள் நாண் ஒலி கேட்டு மான் திடுக்கிட்டு ஓரடி எடுத்து வைத்துவிட்டது! முன்னங்காலுக்குப் பின்னால் ஏற வேண்டிய அம்பு வயிற்றில் ஏறியது. கடமான் முதுகைக் குறுக்கிக்கொண்டு சோலைக்குள் பாய்ந்து மறைந்தது.

"அடிச்சுப்போட்டயே அம்மிணி!" என்று வெள்ளியங்கிரி குதித்தான். "இத்தனை தூரத்துல! எங்கூர்ல சொன்னா நம்பமாட்டாங்க!"

செம்பாயி ஓடினாள். மான் நின்ற இடத்தில் இரத்தம் இருந்தது. கருத்த இரத்தம், அரைபட்ட தழையின் வாடை அடித்தது. பின்னால் வந்த இருவரையும் கை நீட்டித் தடுத்தாள்.

"குடல்ல பட்டிருக்குது. இப்பப் பின்னால போகக் கூடாது. பொழுது சாயற வரைக்கும் உக்காந்திருக்கோணும். விட்டுட்டா பக்கத்துலயே படுத்து உசுரு போயிரும். தொரத்துனா மலை மலையா ஓடும்."

"உக்கார்றதா?" தீத்தப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஒரு நாழிகை ஆகும்னு சொன்னதுக்கே நான் பதறுனேன். இப்ப அரை நாள் உக்காரச் சொல்றியா!"

உட்கார்ந்தார்கள். அதைப்போல ஒரு கொடுமை உண்டா! கால்கள் நடக்கத் துடித்தன, வயிறு கத்தியது, நிழலோ நகர்வேனா என்றது. தீத்தப்பன் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். செம்பாயி நாணைக் கழற்றினாள், மாட்டினாள், கழற்றினாள். சுற்றிப் போயிருந்தால் இந்நேரம் சுட்டுத் தின்றுவிட்டு நடந்திருக்கலாம். அந்த நினைப்பே அவளைப் பிடுங்கித் தின்றது.

கொஞ்ச நேரத்தில் அவள் தண்ணீர் மொண்டுவரப் போனாள். திரும்புவதற்குள் தீத்தப்பன் சோலைக்குள் நுழைந்துவிட்டான். ஐம்பது தப்படிகூடப் போயிருக்கமாட்டான். புதரிலிருந்து கடமான் தடதடவென்று எழுந்து மேட்டைத் தாண்டி ஓடியது!

"போச்சு!" என்று செம்பாயி கத்தினாள். "எல்லாம் போச்சுங்ணா!"

அது போதாதென்று மழையும் பிடித்துக்கொண்டது. இரத்தச் சுவடு கண்ணெதிரே கரைந்து போனது. ஒரு பாறை இடுக்கில் மூவரும் நனைந்து ஒடுங்கினார்கள்.

"விட்டுத் தொலை," என்றான் தீத்தப்பன். "கிழங்கு தோண்டித் தின்னுட்டு நடப்போம்."

"நீங்க நடங்க. அம்பு விட்டவ நானு. அது எங்கியோ துடிச்சுக்கிட்டுக் கெடக்குது. நான் போயாகோணும்."

"ஏழு ஊருத் தண்ணி பெருசா, ஒத்த மானு பெருசா? சொல்லு!"

செம்பாயியின் ஊரும் அந்த ஏழில் ஒன்று.

"எனக்குத் தெரியலீங்ணா. நாளைக்கு உச்சி வரைக்கும் விடுங்க. அதுக்குள்ள கிடைக்கலீன்னா மறுபேச்சில்லாம உங்க கூட வாரேன்."

தீத்தப்பன் பல்லைக் கடித்தான். ஆனால் மானைக் கிளப்பி விட்டது தான்தான் என்பது அவனுக்கும் உறுத்தியது. "உச்சி வரைக்கும்தான்," என்றான்.

விடிந்ததும் தேடினார்கள். ஈரப் புல்லில் குளம்புத் தடம் கிடைத்தது, பாறையில் தொலைந்தது. மறுபடி கிடைத்த தடத்தைப் பிடித்து ஒரு சரிவு முழுக்க இறங்கினார்கள். கீழே போய்ப் பார்த்தால் கன்றோடு ஒரு பெண் மான்! வேறு தடம்! செம்பாயி வில்லைத் தரையில் அறைந்தாள். திரும்ப ஏறினார்கள். அட்டைகள் காலைப் பிடித்துக்கொண்டன. சூரியன் ஏற ஏற அவள் வாய்க்குள்ளேயே தன்னைத் திட்டிக்கொண்டாள்.

உச்சிக்குச் சற்று முன்பு வெள்ளியங்கிரி அவள் தோளைத் தொட்டான். கீழே ஓடைக்கு அந்தப் பக்கம் கடமான் நின்றது. தலை தொங்கியிருந்தது. வயிற்றில் முறிந்த அம்பின் பாதி நீட்டிக்கொண்டிருந்தது. எழுபது தப்படி இருக்கும்.

"எய்யி! நேரமாச்சு!" என்றான் தீத்தப்பன்.

கை தானாகவே அம்பை எடுத்தது. செம்பாயி ஒரு மூச்சு விட்டு, அம்பை மறுபடி தூணியில் வைத்தாள்.

"இன்னொரு தடவை அந்தத் தப்பப் பண்ணமாட்டேன்."

வயிற்றால் ஊர்ந்தாள். முள் கிழித்தது. ஓடையை மார்பளவு தண்ணீரில் ஓசையில்லாமல் கடந்தாள். கரையேறி வேர் மறைவில் முழங்காலிட்டபோது இருபது தப்படி. மானின் விலா ஏறி இறங்குவதுகூடத் தெரிந்தது. இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டு எய்தாள்.

கடமான் நாலு அடி வைத்துச் சாய்ந்தது. மூன்று மூச்சுக்குள் எல்லாம் முடிந்தது.

யாரும் குதிக்கவில்லை. வயிற்றுப் பக்கத்து இறைச்சி கெட்டுப்போயிருந்தது. தொடைகளை மட்டும் அறுத்துச் சுட்டுத் தின்றார்கள். தீத்தப்பன் அந்த முறிந்த அம்பைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நான்தான் அவசரப்படுத்துனேன்," என்றான் கடைசியில்.

"நாணை விட்டது என்னோட விரலுங்ணா," என்றாள் செம்பாயி.

அதன்பின் நடையா அது, ஓட்டம்! ஐந்தாம் நாள் பிற்பகல் பாறையடியை அடைந்தார்கள். கிளை தெரிய வேண்டுமானால் அறுபது தப்படி தள்ளி நிற்க வேண்டும். முதல் அம்பு பாதியிலேயே நூல் இழுத்து விழுந்தது. இரண்டாவது பாறையில் மோதி மழுங்கியது. செம்பாயிக்கு வியப்பாக இருந்தது. தவறியபோது எதுவும் கத்தவில்லை, எதுவும் இரத்தம் வடித்துக்கொண்டு ஓடவில்லை. இன்னொன்றை எடுத்தால் முடிந்தது!

மூன்றாவது அம்பு கிளையைத் தாண்டி மறுபுறம் விழுந்தது. நூலோடு கயிறு ஏறியது. வெள்ளியங்கிரி பனையில் ஏறுவதுபோல் சரசரவென்று ஏறிக் குகைக்குள் நுழைந்தான். வௌவால்கள் புகைபோலக் கிளம்பின. "ஐயோ!" என்றொரு சத்தம். தீத்தப்பன் கயிற்றை விடாமல் "என்னாச்சு?" என்று கூவினான்.

"இருக்குதுங்கோ!" என்று மேலிருந்து குரல் வந்தது. "பச்சை புடிச்சுக் கெடக்குது! எழுத்து நல்லாத் தெரியுது!"

எட்டாம் நாள் மாலை, சபை கலைய எழுந்த நேரத்தில் மூன்று பேரும் சேறும் கீறலுமாக வாசலில் போய் நின்றார்கள். செப்பேடு படிக்கப்பட்டது. வாய்க்கால் ஏழு ஊருக்கே என்று தீர்ப்பாயிற்று. கூடியிருந்த ஊர்க்காரர்கள் தீத்தப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

வெள்ளியங்கிரி சும்மா இருப்பானா? போகிற இடமெல்லாம் அந்த நூற்றிருபது தப்படியைச் சொல்லிவிட்டான். அரண்மனை வில்படைத் தலைவரே எழுந்து வந்தார்.

"நூற்றிருபதில் ஒரு கடமானை வீழ்த்தினாயாமே! உண்மையா?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அவள் பேர் பாளையம் முழுக்கப் பரவிவிடும். செம்பாயி வில்லைக் கீழே ஊன்றிக்கொண்டாள்.

"அடிச்சது நூத்திருபதுலதானுங்க. செத்தது மறுநாள் உச்சிக்கு."

தலைவரின் சிரிப்பு மெல்ல அடங்கியது. "சரி, இனி எவ்வளவு தூரத்தில் எய்வாய்?"

"மரக்கிளைன்னா எத்தனை தூரம்னாலும் எய்வேனுங்க. உசுருன்னா முப்பது. அதுக்கு மேல தூரம்னா, கிட்டப் போறதுக்கு என்னோட காலு இருக்குது."

சொல்லிவிட்டு, வாய்க்காலில் தண்ணீர் திறக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஊர்க்காரர்களோடு அவளும் நடந்தாள்.