இரைச்சல் நீக்கிய குரல்

வாகை வானொலியில் இப்போது யாரும் இருமுவதில்லை. மூச்சு வாங்குவதில்லை, திக்குவதில்லை. மாலையில் சிட்னியின் மேற்குப் புறநகர்ச் சமையலறைகளில் அறிவிப்பாளர் பவளராணியின் குரல் எழும்போது, அது கழுவித் துடைத்த கண்ணாடிக் குவளை போல இருக்கும்.

எல்லாம் நிரப்பியின் வேலை.

முன்பு இப்படி இல்லை. ஒலிபரப்புக் கம்பனிக்காரர் பல நிலையங்களை ஒரே அலைக்கட்டாகச் சேர்த்து அனுப்புவார்கள். கட்டில் உள்ள இடத்தை நேயர் தொகையைப் பார்த்துப் பங்கிடுவார்கள். காற்பந்து சொல்லும் நிலையங்களுக்குப் பெரிய பங்கு. தமிழுக்கு மிஞ்சியது. அந்தச் சின்ன இடத்துக்குள் குரலை நசுக்கித் திணித்ததால், பேசுபவர் தண்ணீர்த் தொட்டிக்குள் இருப்பது போலக் கேட்கும். நிலையத் தலைவர் பேரின்பநாதனுக்கு அது மானப் பிரச்சினை.

"அவங்கட ஸ்டேஷனைக் கேட்டுப்போட்டு எங்கட பக்கம் திருப்பினா, கிணத்துக்குள்ள விழுந்த மாதிரிக் கிடக்கு. பிள்ளையள் காரில போட விடுதுகளில்லை."

பவளராணிதான் கோயில் வாசலில் நின்று கையெழுத்து வாங்கினாள். ஒலித்தரம் வேண்டும் என்று எல்லோரும் போட்டார்கள். பங்கு கூடவில்லை. பதிலாக நிரப்பி வந்தது.

நிரப்பி குரலை அனுப்பாது, குரலின் எலும்பை மட்டும் அனுப்பும். கேட்பவரின் பெட்டிக்குள் இருக்கும் இன்னொரு நிரப்பி அதற்குச் சதையும் தோலும் போடும். அந்த ஆள் அதுவரை பேசியதெல்லாம் அதற்குத் தெரியும். எங்காவது ஒலி தெளிவில்லை என்றால், அந்த இடத்தில் அவர் வழக்கமாக என்ன சொல்வாரோ அதை வைத்து அடைத்துவிடும். ஒட்டுப் போட்ட இடம் யாருக்கும் தெரியாது. தொலைபேசிக் கம்பனிகளும் அதையே வாங்கின.

"இப்ப எப்பிடி?" என்றார் பேரின்பநாதன், தானே செய்தவர் போல.

"என்ர குரல் எனக்கே வடிவாக் கிடக்கு," என்றாள் பவளராணி.

நேயர் விருப்பத்துக்கு முதலில் வரும் அழைப்பு நற்குணத்துடையது. பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்ந்தவர். டூங்கபியில் தனியாக இருந்தார். ஒரு முறை, அந்தத் தண்ணீர்த் தொட்டிக் காலத்தில், அவர் பாட்டுக் கேட்டு முடித்த உடனேயே இன்னொரு நேயரான ஹோம்புஷ் கமலாம்பிகை மாமி நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, அந்த மனுசன்ர மூச்சு சரியில்லை. ஆராவது ஓடிப்போய்ப் பாருங்கோ." பவளராணி அதை அப்படியே ஒலிபரப்பில் சொன்னாள். பக்கத்துத் தெருவில் கேட்டுக்கொண்டிருந்த இருவர் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு நற்குணம் தன் தொலைபேசியில் முதல் இலக்கமாக வானொலியைத்தான் வைத்திருந்தார்.

நிரப்பி வந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றும் அவர்தான் முதலில்.

"வணக்கம் தங்கச்சி. டூங்கபி நற்குணம். எப்பிடிச் சுகம்?"

"நல்ல சுகம் அண்ணை. சொல்லுங்கோ."

"வழமையான பாட்டுத்தான். பெர்த்தில இருக்கிற மகள் ஆரணிக்கும் மருமகனுக்கும் பேரனுக்கும்."

"என்ன அண்ணை, உங்களுக்கு வேற பாட்டே தெரியாதோ?"

"தெரிஞ்சதைத்தானே கேக்க ஏலும் தங்கச்சி."

பவளராணி சிரித்தாள். பாட்டைப் போட்டாள்.

அப்பா தொலைபேசியை எடுக்கவில்லை என்று வெள்ளிக்கிழமை ஆரணி பெர்த்திலிருந்து வந்து கதவைத் திறந்தாள். அப்பா தரையில் இறந்து கிடந்தார், தொலைபேசி கைக்குப் பக்கத்தில். மூளையில் இரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார்.

அவள் நேரே நிலையத்துக்கு வந்தாள். அழவில்லை. அப்பாவின் தொலைபேசியை மேசையில் வைத்தாள்.

"அன்ரி, இதில அவர் பேசினது அப்பிடியே பதிவாகிக் கிடக்கு. நிரப்பிக்குப் போக முதல் உள்ள குரல். கேளுங்கோ."

கேட்டது நற்குணத்தின் குரல்தானா என்று முதலில் பிடிபடவில்லை. நாக்கு தடித்து உருண்டது. "தங்... கச்சி... கை... வருதில்லை..." நடுவில் பவளராணி, "நல்ல சுகம் அண்ணை. சொல்லுங்கோ." மறுபடி அவர், "வாய்... ஆரையும்... அனுப்..."

பிறகு பவளராணியின் குரல், சிரிப்போடு: "என்ன அண்ணை, உங்களுக்கு வேற பாட்டே தெரியாதோ?"

ஒரு முனகல். பிறகு பாட்டு. அது கடைசி வரை ஓடியது.

"அம்புலன்சுக்கு எடுக்காமல் ஏன் உங்களுக்கு எடுத்தவர்?" என்றாள் ஆரணி.

பவளராணிக்குக் காரணம் தெரியும். முன்பு அவரைக் காப்பாற்றியது இந்த வானொலிதான்.

பேரின்பநாதன் தலைகுனிந்திருந்தார். "பவளம், ஒப்பந்தப்படி நாங்கள் நிரப்பியை நிப்பாட்ட ஏலாது. ஆனா மைக் உம்மட முன்னாலதானே கிடக்கு. சனத்துக்குச் சொல்லும். இன்னொருத்தர் இப்பிடிப் போகக்கூடாது."

அன்று மாலை மரண அறிவித்தல் நேரம். பவளராணி ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள். "புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும், டூங்கபியை வசிப்பிடமாகவும் கொண்ட நற்குணம் அவர்கள் காலமானார்" என்று தொடங்கினாள். அடுத்த வரியைப் படிக்கவில்லை. தாளைக் கசக்கினாள்.

"அவர் பாட்டுக் கேக்கேல்லை! கை வருதில்லை, ஆரையும் அனுப்புங்கோ எண்டு கெஞ்சினவர். இந்தப் பெட்டி அதை மாத்திப்போட்டுது. கேக்குதோ உங்களுக்கு? கையெழுத்து வாங்கினது நான், போட்டது நீங்கள். தெளிவாக் கேக்க வேணும் எண்டு ஒரு மனுசனைச் சாகவிட்டிட்டம். ஆரின்ர குரலையும் நம்பாதேங்கோ. போய்க் கதவைத் தட்டிப் பாருங்கோ!"

அழுகையில் பாதிச் சொற்கள் உடைந்தே வந்தன.

அலைக்கட்டில் போய் வருவதற்கு அரை நிமிடத் தாமதம் உண்டு. அறையின் மூலையில் இருந்த வானொலிப் பெட்டி அப்போதுதான் அவள் குரலில் அடுத்த வரிக்கு வந்தது. மெதுவாக, பட்டுப் போல.

"அன்னாரின் பிரிவால் துயருறும் மகள் ஆரணிக்கும் குடும்பத்தினருக்கும் எமது ஆழ்ந்த அனுதாபங்கள். அன்னாரின் ஆத்மா சாந்தியடைய எல்லாம் வல்ல இறைவனைப் பிரார்த்திக்கிறோம்."

உடைந்த இடமெல்லாம் அடைக்கப்பட்டிருந்தது. இத்தனை வருடமாக அவள் படித்த அறிவித்தல்கள் எல்லாம் அதற்குப் பாடம்.

ஆரணி பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பேரின்பநாதன் எழுந்து வெளியே போனார்.

தொலைபேசி ஒலித்தது. ஹோம்புஷ் கமலாம்பிகை மாமி.

"வணக்கம் பிள்ளை. அறிவித்தல் கேட்டனான். பாவம் அந்த மனுசன். ஆனா நீங்கள் வடிவாச் சொன்னீங்கள், நல்ல தெளிவு."

"மாமி," என்றாள் பவளராணி. ஒவ்வொரு எழுத்தாக, மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். "நீங்கள் இப்ப அழுறீங்களோ?"

"நான் நல்ல சுகம் பிள்ளை. ஒரு பக்திப் பாட்டுப் போட்டுவிடுங்கோ."

மாமி எப்போதும் சொல்வதுதான். எழுத்து மாறவில்லை, குரல் நடுங்கவில்லை. ஹோம்புஷில் அந்தக் கிழவி உண்மையில் என்ன சொன்னார் என்று பவளராணி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். தொலைபேசியில் ஓர் இரைச்சல்கூட இல்லை.

"மாமி?"

"நல்ல சுகம் பிள்ளை."

ஓடிப்போய்த் தட்டிப் பார்க்கலாம் என்று அவள் கதவைப் பார்த்தாள். ஹோம்புஷில் மாமி எந்தத் தெருவில் இருக்கிறார் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. குரல் தெரிந்தால் போதுமென்று இருந்துவிட்டாள்.