ஆணி அடிக்காத வீடு

பேருந்தை டிப்போவில் விட்டுவிட்டு, சீருடையைக்கூட மாற்றாமல், டிரைவர் தாம் வாங்கிய வீட்டுக்கு முதல் முறையாகத் தனியாக வந்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையில் பெயின்ட் வாளி, மறு கையில் இருந்த பையில் புதுப் பூட்டும் சுத்தியலும் ஆணிகளும். நாள் முழுக்கப் பெடலை மிதித்த கால், வாசற்படி ஏறவே மறுத்தது.

குடியிருக்க வாங்கிய வீடு அல்ல இது. வாடகைக்கு விட வாங்கியது. கைபேசியில் கோட்டு போட்ட ஒருவர் தினமும் பாடம் நடத்துவார். "முதல் வீட்டில் நீங்கள் குடியிருக்காதீர்கள். அதை வேலைக்கு அனுப்புங்கள். நீங்கள் தூங்கும்போதும் அது சம்பாதிக்கும்." கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலை சாய்த்து, டிரைவர் அந்தப் பாடங்களை ஒன்று விடாமல் கேட்டிருந்தார். வாங்கிய நாளிலிருந்து வீடு சம்பாதிக்கவில்லை, இவர் தூங்கவும் இல்லை. வீட்டைக் கட்டிப் பார் என்று எச்சரித்த பெரியவர்கள், வாங்கிப் பார்ப்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மனைவி ஆயத்த ஆடை ஆலையில் காலர் தைக்கிறவள். சேமிப்பையும் கழுத்தில் கிடந்ததையும் எடுத்துக் கொடுத்தபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"வாடகை வந்து கடன் அடைஞ்சதும் நாம அங்கயே போயிடலாம்ங்க. யாரையும் கேக்காம சுவத்துல ஒரு ஆணி அடிக்கணும். எனக்கு அது போதும்."

கல்யாணமான நாள் முதல் வாடகை வீடுதான். எந்த வீட்டுக்காரம்மாவும் முதலில் சொல்லும் விதி, ஆணி அடிக்கக் கூடாது என்பது. அவர்களுடைய கல்யாணப் படம் இன்றுவரை பெட்டிக்குள் பழைய துணிகளுக்கு நடுவே கிடந்தது.

பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினார். உள்ளே சில்லென்று இருந்தது. பூட்டிக் கிடந்த வீட்டில் தூசி வாசனை அடிக்க வேண்டும். இங்கே பாச்சை உருண்டை வாசனையும், சற்று முன் துடைத்த ஈரத் தரையின் வாசனையும் கலந்து வந்தன. முன்னால் ஒரு கூடம், பக்கத்தில் இரண்டு அறைகள், நீண்ட நடை, அதன் முடிவில் ஜன்னல் இல்லாத ஒரு பின்னறை. வீடு முழுக்க ஒரு சுவரிலும் ஆணித் துளை கிடையாது. "எவ்வளவு பொத்திப் பொத்தி வச்சிருக்காங்க பாருங்க சார்" என்று தரகர் பெருமைப்பட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது. பழைய வீட்டுக்காரம்மா தனியாக வாழ்ந்து இங்கேயே போய்ச் சேர்ந்தவர். தூரத்தில் இருந்த வாரிசுகள் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

பழைய பூட்டைக் கழற்றிப் புதுப் பூட்டைக் கதவில் பொருத்தினார். பிறகு கூடத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்துச் சீருடைச் சட்டையை மாட்டினார். அடிக்கும்போதே மனைவியை அழைத்து வந்து அவள் கையால் அடிக்க வைத்திருக்கலாம் என்று தோன்றியது. போகட்டும், பெயின்ட் அடித்து முடித்தபின் காட்டலாம் என்று வேலையைத் தொடங்கினார்.

மறுநாள் மாலை வந்தபோது ஆணி ஜன்னல் விளிம்பில் கிடந்தது.

சுவரைத் தடவிப் பார்த்தார். துளை இல்லை. வழவழவென்று இருந்தது. நாம்தான் பிடுங்கிப் பூசியிருப்போம், தூக்கக் கலக்கம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நாளெல்லாம் வண்டி ஓட்டுகிறவனுக்கு எதுவும் மறந்து போகும்.

பெயின்ட் காய்ந்தது. ஆள் வரவில்லை. இருக்கிற வீட்டுக்கு வாடகை, இந்த வீட்டுக்குத் தவணை என்று மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. டீக்கடையில் தரகரைப் பிடித்தார்.

"காலி வீட்டை யாரும் எடுக்க மாட்டாங்க சார்" என்றார் தரகர். "ஆள் புழங்குற மாதிரி காட்டணும். ஒரு திரையைப் போடுங்க. வாசல்ல ஒரு ஜோடி செருப்பு விடுங்க. பொம்பள செருப்பா இருந்தா நல்லது, குடும்பம் இருந்த எடம்னு நம்பிக்கை வரும். ஒரு சாவியையும் என்கிட்ட குடுங்க, வர்றவங்கள நான் கூட்டிட்டுப் போறேன்."

செருப்புக்கு டிரைவர் எங்கும் அலையவில்லை. பின்னறைப் பரணில் ஒரு ஜோடி பெண் செருப்பு கிடந்தது. தேய்ந்த, தடித்த, பழுப்புத் தோல் செருப்பு. தூசி தட்டி, தெருவைப் பார்த்த மாதிரி வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த முறை வந்தபோது அவை வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

வெளியிலிருந்து வந்தவர் கழற்றிவிட்டு உள்ளே போனது போல.

தரகர் வேலையாக இருக்கும் என்று விட்டுவிட்டார். ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போவதாகத் தரகர் போனில் சொல்வார். எல்லோரும் யோசித்துச் சொல்கிறோம் என்றே போனார்கள். கடைசியில் ஒரு மத்தியானம் தரகர் டிப்போ வாசலுக்கே வந்துவிட்டார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"முழு வீடும் வாடகைக்குன்னு நான் சொல்லிக் கூட்டிட்டு வர்றேன். உங்க வீட்டம்மா என்னடான்னா பின்னறை மட்டும்தான் தருவேன்னு சொல்றாங்க. அந்த இருட்டறைக்கு யார் சார் வருவா?"

"யாரு சொன்னது?"

"உங்க வீட்டம்மாதான். நல்லா மரியாதையாத்தான் பேசுறாங்க. நான் தட்டினதும் கதவைத் திறக்குறாங்க, சுத்திக் காட்டுறாங்க. ஆனா ஆயிரம் சட்டம். ஆணி அடிக்கக் கூடாது, பொழுது சாஞ்சா வெளிய போகக் கூடாது."

டிரைவர் தரகரின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"என் மனைவி அந்த வீட்டை இன்னும் கண்ணால கூடப் பாக்கல."

தரகர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்தார். டிரைவர் கொடுத்த சாவி, கொடுத்த மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது.

"இதை நான் பிரிக்கவே இல்ல சார்" என்றார் மெதுவாக. "அவங்க இடுப்புலதான் கொத்துச் சாவி இருந்துச்சே."

மடிப்பை டிரைவர் கையில் திணித்துவிட்டுப் போனவர், அதன்பின் போனை எடுக்கவே இல்லை.

வேறொருவராக இருந்தால் வீட்டைத் தலைமுழுகியிருப்பார். டிரைவரால் முடியவில்லை. விற்கலாம் என்றால் வாங்க ஆள் வேண்டும். அதற்குள் குடியிருந்த வீட்டின் வாடகை பாக்கி விழுந்து, அந்த வீட்டுக்காரம்மா காலி செய்யச் சொல்லிவிட்டார். மனைவியிடம் எப்படிச் சொல்வது? நகையைக் கழற்றிக் கொடுத்தவளிடம், உன் ஆணியை அடிக்க இன்னொருத்தி விடமாட்டாள் என்றா? பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பேய்க்குப் பயப்படவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவருக்கு எங்காவது தலை சாய்த்தால் போதும் என்று இருந்தது.

"நாமளே அங்க போயிடலாம்மா" என்று மட்டும் சொன்னார்.

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவருக்கு அழுகை வந்தது.

அந்தச் செருப்புகளை ஒரு பையில் கட்டி, மறுநாள் பேருந்திலேயே கொண்டுபோய், கடைசி நிறுத்தத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். தொட்டியை லாரி அள்ளிக்கொண்டு போகும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

குடிபோகிற நாளிலும் விடுப்பு கிடைக்கவில்லை. சாமான்களோடு மனைவி முன்னால் போவது, இவர் சாவியோடு வரும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருப்பது என்று ஏற்பாடு. எல்லாச் சாவிகளும் ஒரே வளையத்தில் இவர் சட்டைப் பையில் இருந்தன.

வந்து சேர்ந்தபோது தெரு விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

வாசற்படியில் மனைவி இல்லை. சாமான்களும் இல்லை.

கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது.

வாசலில் அவளுடைய ரப்பர் செருப்பு. அதன் பக்கத்தில், தேய்ந்த, தடித்த, பழுப்புத் தோல் செருப்பு. இரண்டு ஜோடியும் வீட்டைப் பார்த்து ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன.

"ஏம்மா" என்றார். உள்ளே போனார்.

கூடம் காலியாக இருந்தது. இரண்டு அறைகளும் காலி. தரை ஈரமாக இருந்தது. நடையின் முடிவில், பின்னறையில் விளக்கு எரிந்தது. பெட்டியும் பாத்திரமும் அங்கே ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்க, நடுவில் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் கல்யாணப் படம்.

நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. அந்த அலுப்பை அவர் கண்ணாடியில் தன் முகத்தில்தான் பார்த்திருக்கிறார்.

"சொந்தமா வாங்கிட்டோம்னு சொன்னீங்களே" என்றாள். "எதுக்குங்க என்கிட்ட பொய் சொன்னீங்க?"

"பொய் இல்லம்மா..."

"வீட்டுக்காரம்மா எல்லாம் சொல்லிட்டாங்க. நமக்கு இந்த அறை மட்டும்தானாம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "பரவாயில்ல விடுங்க. ஏமாந்திருப்பீங்க. எனக்குச் சொல்லியிருக்கலாம்."

அவள் உள்ளங்கையை நீட்டினாள். அதில் ஓர் ஆணி இருந்தது.

"இது உங்களுதாம். குடுத்துடச் சொன்னாங்க. இனிமே அடிக்கக் கூடாதாம்."

ஆணியை அவர் வாங்கிக்கொண்டார். அவள் படத்தைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் பழைய இடத்திலேயே வைத்து மூடினாள். எழுந்திரு, இப்போதே போய்விடலாம் என்று சொல்ல நினைத்தார். எங்கே போவது?

நடையில் செருப்பு தேயும் சத்தம் கேட்டது. கூடவே சாவிக் கொத்தின் சலசலப்பு. அது பின்னறையை நெருங்கி, கதவருகே கொஞ்சம் நின்றது. பிறகு நிதானமாக வாசலை நோக்கிப் போனது.

"பொழுது சாஞ்சா வாசலைப் பூட்டிடுவாங்களாம்" என்று மனைவி கிசுகிசுத்தாள்.

டிரைவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். சாவிகள் அத்தனையும் அங்கேயே இருந்தன.

வாசலில் புதுப் பூட்டு திரும்பியது.